வசந்தக் கச்சேரியில் குறுக்கே வந்தவள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைக்குக் காரணம் மழை. பேருந்து நிறுத்தத்தின் கூரை ஒழுகியது. எதிரே ஒரு மண்டபத்தில் விளக்கு எரிந்தது. வாசலில் 'வசந்தக் கச்சேரி' என்று பூப்போட்ட போஸ்டர் ஒன்று நனைந்து தொங்கிக்கொண்டிருந்தது. வசந்தம் அந்தப் போஸ்டரில் மட்டும்தான் இருந்தது. எனக்குப் பாதம் வரை ஈரம். என் வீட்டுக்காரர், "ரெண்டு மணி நேரம் உக்கார நாற்காலி கிடைக்குதே, வா" என்று டிக்கெட் வாங்கிவிட்டார்.

பழைய ஐரோப்பிய இசை. முதல் பாதி பரோக் காலத்து இசை, இரண்டாம் பாதி அதற்குப் பின்வந்த கிளாசிக்கல் காலத்து இசை, பாதிக்கு ஒருவராக வெளியூரிலிருந்து இரண்டு விருந்தினர்கள். இந்த விவரமெல்லாம் பிற்பாடு விசாரித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு நான் செய்த ஒரே காரியம் தூங்கியது.

நடுவில் ஒருமுறை விழித்தேன். முப்பது பேர் கொண்ட குழு வாத்தியங்களை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தது. ஒரே ஒரு பெண் நின்றுகொண்டு வயலின் வாசித்துக்கொண்டிருந்தாள். "மத்தவங்கல்லாம் ஏன் வாசிக்கல? ஏதாவது சண்டையா?" என்று கேட்டேன். "தெரியல" என்றார் அவர். அவருக்கு எதுவுமே தெரியாது. ஆனால் நான் கேட்டது எனக்கே பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து பிடித்தது சனி.

2

முதல் வாக்கியம் வரவில்லை. வந்தவற்றை அப்படியே வைக்கிறேன், நீங்களும் கொஞ்சம் அவஸ்தைப்படுங்கள்.

வசந்தம் வந்துவிட்டது, கூடவே அக்காவும்—

(இது கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது.)

அவள் வயலினைத் தோளில் வைத்ததும் காற்றே—

(காற்று என்ன செய்தது? ஒரு மண்ணும் செய்யவில்லை. மண்டபத்தில் ஹீட்டர் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.)

நினைவு தெரிந்த நாளிலிருந்தே தங்கைக்கு அக்காவின்மேல்—

(நல்ல வாக்கியம்தான். அக்காவின்மேல் என்ன? பாசமா, பொறாமையா, எரிச்சலா? அது தெரிந்தால் நான் ஏன் கதை எழுதப்போகிறேன்?)

அக்கா வந்த நாளிலிருந்து தங்கைக்குக் குளிக்க வெந்நீர் கிடைக்கவில்லை.

அப்பாடா. இதைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

அக்கா பெரிய வயலின்காரி. ஊர் ஊராகப் போய், பெரிய பெரிய குழுக்களுக்கு முன்னால் தனியாக நின்று வாசிப்பவள். தங்கைக்குப் பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. 'இது தெளிவா இருக்கா, இல்ல இது தெளிவா இருக்கா' என்று நாள் முழுக்க வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டிருப்பாள். மாலையில் ஊர் இசைக்குழுவில் முதல் நாற்காலி. அந்தக் குழுவில் யாருக்கும் சம்பளம் கிடையாது. எல்லோரும் ஆசைக்கு வாசிப்பவர்கள். முதல் நாற்காலிக்காரி வில்லைத் தூக்கினால் முப்பது பேரும் தூக்குவார்கள். அவள் தப்பாகத் தூக்கினாலும் தூக்குவார்கள்.

குழுவை நடத்துகிறவர் ஒரு பல் டாக்டர். (நடத்துநர் என்று எழுதத்தான் கை போயிற்று. எழுதிப் பார்த்தால் மனுஷனின் தோளில் டிக்கெட் பை வந்து தொங்குகிறது, வாயில் விசில். அடித்துவிட்டேன். பல் டாக்டர் என்றே இருக்கட்டும்.) அவர்தான் ஆரம்பித்து வைத்தார்: "இந்த வருஷம் வசந்தக் கச்சேரிக்கு உங்க அக்காவைக் கூப்பிட்டா என்ன?" குழு மொத்தமும் தங்கையைத் திரும்பிப் பார்த்தது. அவளும் வேறு வழியில்லாமல் போன் செய்தாள். அக்கா உடனே "வர்றேன்டி" என்றாள். சகோதரிகள் இருவரும் ஒரே மேடையில் வாசித்து வருஷக்கணக்காகிவிட்டது.

அக்கா ஓட்டலில் தங்குவதாகத்தான் இருந்தது. தங்கையோடு இருக்கிற அம்மா விடவில்லை. "சொந்தத் தங்கச்சி வீடு இருக்கும்போது ஓட்டல்ல தங்கறதா? நல்லா இருக்கே கதை!" என்றாள்.

கதை நல்லாத்தான் இருந்தது. வெந்நீர் போயிற்று. சாப்பாட்டு மேசை முழுக்க வில்லுக்குப் பூசுகிற பிசின் தூள். படுக்கையறை விளக்கு நோட்டுப் படிக்க வேண்டுமென்று ஹாலுக்குப் போயிற்று. "இங்கதான் சத்தம் நல்லா எழும்புது" என்று அக்கா சமையலறைச் சுவரைப் பார்த்து நின்று சாதகம் செய்தாள். தங்கை அவள் முழங்கைக்குக் கீழே குனிந்து போய் உப்பு எடுத்தாள். சாப்பிடும்போது அக்கா பேசுவாள். ஒரு விமான நிலையத்தில் தொடங்கும் பேச்சு மூன்று ஊர் சுற்றி, யாரோ ஒருவரின் நாய்க்குட்டியில் போய் நிற்கும். நடுவில் யாராவது வாயைத் திறந்தால் கையை நீட்டி நிறுத்திவிடுவாள்.

3

இங்கே ஒரு விஷயத்தை விளக்கியாக வேண்டும். விளக்காமல் நைஸாக ஒப்பேற்றலாமா என்று பார்த்தேன், முடியவில்லை.

கிளாசிக்கல் காலத்து வயலின் கான்செர்ட்டோவில், அதாவது ஒரு விருந்தினரும் குழுவும் சேர்ந்து வாசிக்கிற உருப்படியில், ஓர் இடம் வரும். குழு முழுவதும் ஒரு பெரிய சத்தத்தோடு நின்றுவிடும். விருந்தினர் மட்டும் தனியாக, தன் இஷ்டத்துக்கு வாசிப்பார். அதைக் கடென்சா என்பார்கள். இந்தக் கதையில் 'தனி' என்று வைத்துக்கொள்வோம். இசையமைத்தவர் அந்த இடத்தில் ஒரு சுரம்கூட எழுதவில்லை. ஒரு குறியைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். (கொடுத்து வைத்த மனுஷன். நான் ஒரு பத்தியை அப்படி விட்டுவைத்தால் பத்திரிகை ஆசிரியர் கதையைத் திருப்பி அனுப்பிவிடுவார்.)

தனி எப்போது முடியும் என்று மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்? அதற்கு ஒரு வழக்கம் உண்டு. கடைசியில் விருந்தினர் பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் இரண்டை மாற்றி மாற்றி வேகமாக நடுக்குவார். அதற்கு ட்ரில் என்று பெயர். அது கேட்டதும் குழுவினர் வில்லைத் தூக்கிக்கொள்ள வேண்டும். அது முடிகிற இடத்தில் எல்லோரும் சேர்ந்து நுழைய வேண்டும். அவ்வளவுதான் பாடம்.

இந்தக் காலத்தில் பலர் தனியை வீட்டிலேயே எழுதி, மனப்பாடம் செய்துகொண்டு வந்துவிடுகிறார்கள். அக்கா அந்த ரகமில்லை.

"அக்கா, அந்தத் தனியைக் கொஞ்சம் வாசிச்சுக் காட்டேன். எப்படி முடியும்னு நாங்க குறிச்சு வெச்சுக்கறோம்."

"அது அன்னிக்கு எப்படி வருதோ அப்படித்தான்."

"எங்க ஆளுங்க உன் ஆளுங்க மாதிரி இல்லக்கா. ஹார்ன் வாசிக்கிறவர் எலக்ட்ரீஷியன். ட்ரம் வாசிக்கிறவர் தபால்காரர். எங்க நுழையறதுன்னு அவங்களுக்குச் சொல்லணும்."

"ட்ரில் வந்தா நுழைங்க. காது இருக்கில்ல?"

"நீ நாலு ட்ரில் போடுவியே!"

"நாலாவதுல நுழைங்க."

"அஞ்சாவது வந்தா?"

"ஏண்டி என் உயிரை வாங்கறே? அந்த மனுஷன் என்னை நம்பி இடத்தை வெறுமனே விட்டுட்டுப் போயிருக்கார். நான் அதுல எழுதி ஒட்டினா அவருக்கு அவமானம்."

"அவர் செத்து எவ்வளவோ காலம் ஆச்சு. எனக்கு நாளைக்கு ஒத்திகை!"

ஹாலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "யாராவது ஒருத்தி அந்த அடுப்பைப் பாருங்களேன். ஏதோ தீயற வாசனை வருது."

4

ஒத்திகை ஒரு பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்தது. மேலே கயிறுகள் தொங்கின. தரையில் ரப்பர் வாடை.

தனி வந்தது. குழு நின்றது. அக்கா வாசித்தாள். நான் இசை விமர்சகி இல்லை, ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன்: எலக்ட்ரீஷியன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். பிறகு ட்ரில் வந்தது. நீளமான, முழுசான, சந்தேகத்துக்கே இடமில்லாத ட்ரில். தங்கை வில்லைத் தூக்கினாள். முப்பது பேரும் தூக்கினார்கள். நுழைந்தார்கள்.

அது முடிவு இல்லை. அக்கா அந்த ட்ரில்லிலிருந்து வழுக்கி வேறெங்கோ போயாயிற்று. அவள் ஒரு பக்கம், முப்பது பேர் இன்னொரு பக்கம். ஹார்ன் எல்லோரையும்விடச் சத்தமாக அலறியது. தபால்காரர் இரண்டு அடி அடித்துவிட்டு, தப்பு தன்னுடையதோ என்று பயந்து ட்ரம்மைக் கையால் பொத்திக்கொண்டார். (சம்பளம் வாங்குகிற குழுவில் இது நடக்காது. அங்கே விருந்தினரை யாரும் நம்புவதில்லை. முடிவை எழுதி வாங்கிக்கொண்டுதான் மறுவேலை.)

அக்கா வயலினை இறக்கினாள். தங்கையிடம் சொல்லவில்லை, குழுவிடம் சொன்னாள். "சின்ன வயசுலேர்ந்து இவ இப்படித்தான். நான் ஒரு வாக்கியம் பேசி முடிக்க விடமாட்டா. குறுக்க பாய்ஞ்சுடுவா. இவளைக் கொண்டுபோய் முதல் நாற்காலியில உக்கார வெச்சிருக்கீங்க."

தங்கைக்குக் காது வரை சுட்டது. "நீ என்னிக்காவது ஒரு வாக்கியத்தை முடிச்சிருந்தா நான் ஏன்க்கா குறுக்க வர்றேன்?"

யாரோ சிரித்தார்கள். சிரித்திருக்கக் கூடாது.

"இதோ பாரு," என்றாள் அக்கா. குரல் தணிந்துவிட்டது, அதுதான் ஆபத்து. "இன்னொரு தடவை நான் வாசிக்கும்போது நீ உள்ள வந்தே, சத்தியமா சொல்றேன், உன்கூட மேடை ஏற மாட்டேன். உன் வீட்டுப் படியும் மிதிக்க மாட்டேன்."

பல் டாக்டர் குழுவை நடத்தும் கோலைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, "சரி சரி, எல்லாரும் அஞ்சு நிமிஷம் வாயைக் கொப்பளிச்சுட்டு வாங்க" என்றார். பழக்க தோஷம்.

தங்கை தண்ணீர்க் குழாயடியில் போய் நின்றாள். அழுகை வந்தது; அதைவிடக் கோபம் வந்தது; இரண்டையும்விடப் பயம் வந்தது. அக்கா சும்மா சொல்கிற ஆள் இல்லை. சித்தப்பாவோடு ஒரு கல்யாண வீட்டில் பேச்சை நிறுத்தியவள் நிறுத்தியதுதான். அவர் சாகிற வரை பேசவில்லை. செத்த பிறகு அழுதாள், அதனால் யாருக்கு என்ன லாபம்?

5

ஐயோ, முதல் பாதி விருந்தினரை மறந்தே போனேன்.

அவர் ஓபோக்காரர்; நம் நாகஸ்வரம் மாதிரி ஊதுகிற குழல் அது. ஓபோவின் வாயில் நாணல் சீவல் இரண்டைச் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். அது கொஞ்சம் தடித்தாலும் வாத்து கத்தும். அவர் வந்ததிலிருந்து அதைச் சுரண்டிக்கொண்டே இருந்தார். ஹீட்டர் சரியில்லை என்பார், மழை சரியில்லை என்பார், மறுபடியும் சுரண்டுவார். பல் டாக்டரின் பெட்டியிலிருந்து ஒரு சுரண்டியை இரவல் வாங்கியதிலிருந்து அவர்கள் இருவரும் உயிர் நண்பர்கள். கச்சேரிக்கு இரண்டு விருந்தினர் இருந்தார்கள் என்பதைத் தவிர அவர் இந்தக் கதையில் இருக்க ஒரு காரணமும் இல்லை. எடுத்துவிடலாமென்றால், நல்ல மனுஷன், மனசு வரவில்லை.

ஒன்று செய்தார். குழாயடியில் நின்ற தங்கையிடம் வந்து, "உங்க அக்கா எப்பவும் இப்படித்தானா?" என்று கேட்டார்.

"நீங்க கொஞ்சமாத்தான் பாத்திருக்கீங்க" என்றாள் தங்கை.

6

இந்த இடத்தில் கதை நின்றுவிட்டது. எனக்கே அக்காவைப் பிடிக்காமல் போயிற்று. வெந்நீரைக் காலிசெய்து, ஊர் முன்னால் தங்கையின் மானத்தை வாங்கி, இவள் எல்லாம் ஒரு—

எழுந்து போய் வீட்டுக்காரரிடம் புலம்பினேன். அவர் பேப்பரை இறக்காமலே, "அவளுக்கு ஏதாவது வியாதி வெச்சுடு. ஞாபக மறதின்னு வை. படிக்கிறவங்க அழுதுடுவாங்க" என்றார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எழுதிப் பார்த்தேன்.

சில மாதங்களாகவே அக்காவின் விரல்கள் வழி மறந்து—

அடித்துவிட்டேன். வியாதிக்காரியை யார்தான் மன்னிக்க மாட்டார்கள்? அதில் தங்கைக்கு என்ன பெருமை? நல்ல ஆரோக்கியமாக, வாய் ஓயாமல், மூன்று வேளையும் கொட்டிக்கொண்டு, துண்டை ஈரமாகக் கட்டிலில் போடுகிற அக்காவை மன்னிப்பது இருக்கிறதே, அதுதான் வதை. ஆகவே அக்காவுக்கு ஒரு குறையும் இல்லை. கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறாள்.

அப்படியானால் தங்கை ஏன் அவளைக் கூப்பிட்டாள்? பல் டாக்டர் கேட்டார் என்பது சாக்கு. தேதி ஒத்துவரவில்லை என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் தீர்ந்தது. அவள் சொல்லவில்லை. ஏனென்றால் அக்கா சமையலறைச் சுவரைப் பார்த்து வாசிக்கும்போது தங்கை கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, நறுக்க வேண்டியதை நறுக்காமல் நிற்பாள். பாவி, என்னமாய் வாசிக்கிறாள் என்று வயிறு எரியும். நிறுத்திவிட்டாளென்றால் அதைவிட எரியும். இன்னொரு முறை அவள் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும் என்பதுதான் தங்கையின் ஆசை. வேறொன்றும் இல்லை. இதை அவள் அக்காவிடம் சொன்னதில்லை. எப்போது சொல்வது? அக்கா பேசிக்கொண்டே இருக்கிறாளே.

7

கச்சேரி மாலை. மேடைக்குப் பின்னால் ஒரு குறுகிய நடை. சுவரோரம் மடக்கு நாற்காலிகளும் ஈரக் குடைகளும். ஒத்திகையிலிருந்து சகோதரிகள் பேசிக்கொள்ளவில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட அம்மா மூலமாகத்தான்.

அம்மா வந்து நடுவில் நின்றாள். "நீங்க என்னமோ பண்ணிக்குங்க. ஆனா நான் முன் வரிசையில உக்காந்து வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருக்க முடியாது. இப்பவே ஒரு முடிவுக்கு வாங்க. இல்லன்னா நான் வீட்டுக்குப் போறேன்."

அக்கா சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "முடிக்கறப்ப அவளைப் பாப்பேன். நான் பாத்ததும் எல்லாரையும் கூட்டிட்டு வரட்டும். பாக்காம வந்தான்னா, அப்புறம் என்னன்னு ஏற்கெனவே சொல்லியாச்சு."

"கேட்டுதா?" என்று அம்மா தங்கையைக் கேட்டாள்.

"கேட்டுது. செவிடு இல்ல."

பல் டாக்டர் குழுவுக்கு அதை அறிவித்தார். விருந்தாளி அம்மா முதல் நாற்காலியைப் பார்த்ததும் வில்லைத் தூக்குங்கள். முதல் நாற்காலி தலையசைத்ததும் நுழையுங்கள். எலக்ட்ரீஷியன் இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டார். தொழிலில் அவருக்கு அந்தப் பழக்கம் உண்டு.

முதல் பாதியில் ஓபோக்காரர் வாசித்தார். வாத்து கத்தவில்லை. அழகாகவே வாசித்தார். பாவம், அப்போது நான் தூங்கிக்கொண்டிருந்தேன், அதனால் அவருக்கு இவ்வளவுதான்.

8

இரண்டாம் பாதி. பெரிய சத்தத்தோடு குழு நின்றது. தனி தொடங்கியது.

தங்கை வயலினை மடியில் இறக்கினாள். இந்த முறை ட்ரில்லை எண்ணப் போவதில்லை, எங்கே நுழையலாம் என்று வேலிக்கு வெளியே காத்திருக்கப் போவதில்லை. பார்க்கும்போது பார்க்கட்டும். அதுவரை கேட்கலாம் என்று முடிவு செய்தாள். வந்த நாளிலிருந்து அவள் அக்காவை நிம்மதியாகக் கேட்டது அப்போதுதான்.

அக்காவுக்கு அது எப்படியோ தெரிந்துவிட்டது. குஷி பிறந்துவிட்டது அவளுக்கு. முதல் ட்ரில்லைப் போட்டு நழுவினாள், இரண்டாவதைப் போட்டு நழுவினாள், பிறகு உச்ச சுரங்களில் நைஸாக ஒன்றை நுழைத்தாள்: க்ரீ... க்ரீக்.

அவர்கள் வளர்ந்த வீட்டின் இரும்புக் கேட். எண்ணெய் போட்டாலும் கத்தும் கேட். வயலின் கற்றுக்கொண்ட புதிதில் அந்தக் கேட்டை யார் அச்சு அசலாக வாசிப்பது என்று இரண்டு பேருக்கும் போட்டி. ஒருமுறை அப்பா யாரோ வந்திருக்கிறார்கள் என்று எழுந்து வாசலுக்கே போய்விட்டார். அரங்கத்தில் அத்தனை பேரும் அதை ஏதோ உயர்ந்த விஷயம் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். தங்கைக்குப் பொத்துக்கொண்டு வந்தது. மூக்கு வழியாகச் சிரித்துவிட்டாள்.

அந்தச் சத்தம் அக்காவுக்குக் கேட்டது. அவள் உதடும் துடித்தது. விரல் ஒரு மயிரிழை தள்ளி விழுந்தது.

யாருக்கும் தெரியவில்லை. அக்கா சமாளித்து அந்தத் தப்பையே வேண்டுமென்று செய்ததுபோல் பிடித்துக்கொண்டு மேலே போனாள். ஆனால் போன இடம் தூரமான இடம். அங்கிருந்து திரும்பி வர வழி தேடினாள். ஒரு மூலைக்கு வந்தாள். அது வழி இல்லை. சுற்றிக்கொண்டு வந்தாள், அதே மூலை. மறுபடியும் சுற்றினாள், மறுபடியும் அதே மூலை. அப்போதுதான் தங்கைக்கு விஷயம் புரிந்தது. இத்தனை வருஷமாகச் சாப்பாட்டு மேசையில் எங்கெங்கோ சுற்றிவிட்டு எப்படியாவது வீடு வந்து சேர்ந்துவிடுகிறவள், இப்போது ஊர் முன்னால் வழி தெரியாமல் நிற்கிறாள். அதுவும் தன் சிரிப்பால்.

அக்கா திரும்பி அவளைப் பார்த்தாள்.

வில்கள் எல்லாம் மேலே போயின. எலக்ட்ரீஷியன் ஹார்னை வாயில் வைத்தார். பல் டாக்டர் கோலைத் தூக்கிக்கொண்டு முதல் நாற்காலியைப் பார்த்தார். எல்லோருக்கும் அது பேசிவைத்த பார்வை. தங்கைக்கு மட்டும் தெரியும், அது 'வா' என்கிற பார்வை இல்லை. 'என்னடி பண்றது' என்கிற பார்வை.

9

முடிவு அ: தங்கை தலையசைத்தாள். முப்பது பேரும் நுழைந்தார்கள். அக்கா நடுத்தெருவில் நிற்க, ஊர்வலம் அவள்மேல் ஏறிப்போயிற்று. தங்கைமேல் குற்றம் சொல்ல முடியாது. பார்த்தாள், வந்தார்கள், பேச்சு அப்படித்தான்.

முடிவு ஆ: தங்கை அசையவில்லை. அக்கா அந்த மூலையை மீண்டும் மீண்டும் சுற்றினாள். அவையில் யாரோ இருமினார்கள். முன் வரிசையில் அம்மா கைப்பையை—

(கைப்பையை என்ன செய்தாள் என்று எழுத எனக்குத் தைரியம் வரவில்லை.)

இரண்டையும் கிழித்தேன். அ-வில் தங்கையைப் பிடிக்கவில்லை. ஆ-வில் என்னையே பிடிக்கவில்லை. தலையைப் பிடித்துக்கொண்டு தேநீர் போட எழுந்து போனேன். திரும்பி வந்தால், நான் இல்லாத நேரத்தில் தங்கை ஒரு காரியம் செய்துவைத்திருக்கிறாள்.

அவள் தலையசைக்கவில்லை. வயலினைத் தோளில் வைத்தாள். விரலே வைக்காமல், மூன்றாம் தந்தியை மட்டும், வில்லின் நுனியால், மெல்ல, நீளமாக இழுத்தாள். ஒரே ஒரு சுரம். அக்கா எங்கே திரும்பி வர வேண்டுமோ அந்த இடத்தின் சுரம்.

தனியில் குறுக்கே வந்துவிட்டாள். முப்பது பேரோடு இல்லை, தனியாக வந்துவிட்டாள்.

எலக்ட்ரீஷியனின் கன்னம் உப்பியது. பல் டாக்டர் இடது உள்ளங்கையை அவர் பக்கம் காட்டினார். ஊரில் பாதிப் பேருக்கு அந்தக் கை பழக்கம்: 'அப்படியே இருங்க, அசையாதீங்க.' எலக்ட்ரீஷியன் அப்படியே இருந்தார்.

அக்கா ஒரு முறை முறைத்தாள். சமையலறையில் தினம் பார்த்த முறைப்பு அது. ஆனால் காது இருக்கிறதே, அது முறைக்கவில்லை. தங்கையின் சுரத்தோடு ஒரு சுரத்தை ஒட்டிப் பார்த்தாள். ஒட்டவில்லை. இன்னொன்றை ஒட்டிப் பார்த்தாள். ஒட்டியது. கரண்ட் போன வீட்டில் சுவரைத் தடவி வருவதுபோல் ஒவ்வொன்றாகத் தொட்டு வந்தாள். வழி கிடைத்ததும் நேரே வீட்டுக்கு வந்தாளா? வரவில்லை. அந்த நீளமான சுரத்தின்மேல் ஏறிக்கொண்டு இன்னொரு ரவுண்டு போனாள், ராட்சசி. தங்கைக்குக் கை வலித்தது. இழுத்துக்கொண்டே இருந்தாள். எரிச்சலாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டில் எது அதிகம் என்று அவளுக்கே தெரியவில்லை.

பிறகு ட்ரில் வந்தது. தங்கை தன் சுரத்தை நிறுத்திவிட்டுத் தலையசைத்தாள். எல்லோரும் நுழைந்தார்கள். யாரும் யார்மீதும் மோதவில்லை.

கைதட்டல் காதைப் பிளந்தது. (அது எனக்கும் கேட்டது. இந்தக் கதையில் நிஜம் என்று நான் உத்தரவாதம் கொடுக்கக் கூடியது அது ஒன்றுதான்.) இரண்டு வயலின் வைத்துத் தனியை இப்படி அமைத்தது புதுமை என்று பின்னாலிருந்த ஒருவர் தன் மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

10

எந்த மடையனும் இங்கே முடித்துவிடுவான். கைதட்டல், திரை, சுபம். நானும் முடித்து உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். பிறகு மனசு கேட்காமல் பிரித்தேன். சத்தியம் என்ன ஆயிற்று? அவள் உள்ளே வந்துவிட்டாளே.

மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் அக்கா தனியாக இருந்தாள். அம்மாவை யாரோ நாலு பேர் பிடித்துக்கொண்டு 'ரெண்டு பெண்களும்!' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அக்கா வில்லின் மயிரைத் தளர்த்தி, வயலினிலிருந்து பிசின் தூளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். தங்கை வந்து கதவருகில் நின்றாள். வரும் வழியில் மூன்று பதில்களைத் தயார்செய்து வைத்திருந்தாள். மூன்றும் மறந்துவிட்டன.

"நீ பாத்தே" என்றாள்.

"பாத்தேன். வரச் சொல்லிப் பாக்கல."

"தெரியும்."

"தெரிஞ்சா ஏண்டி வந்தே?"

"நான் வராம வேற யாரு வருவாக்கா?"

அக்கா துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள். அறையின் சுவர்க் கண்ணாடியில் தெரிந்த அவள் முகத்தைப் பார்த்துத் தங்கையால் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. நாள் முழுக்க ஊரின் கண்களைச் சோதிக்கிறவள்தான். இந்த ஒரு முகம் அவளுக்கு என்றைக்கும் பிடிபட்டதில்லை. கேட்டுவிடுவதே மேல் என்று கேட்டாள்.

"உள்ள வந்தா என்கூட மேடை ஏற மாட்டேன், வீட்டுக்கு வர மாட்டேன்னு சத்தியம் பண்ணே. வந்துட்டேன். இப்ப சொல்லு. அடுத்த வருஷம் வருவியா, மாட்டியா?"

அக்கா வயலினைப் பெட்டியில் வைத்தாள். பெட்டியை மூடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, காலை நீட்டிக்கொண்டாள்.

"போன மாசம் ஒரு ஊருக்கு ரயில்ல போயிட்டிருந்தேனா," என்று ஆரம்பித்தாள், "பக்கத்து சீட்டுல ஒரு அம்மா. கையில ஒரு பெரிய பூந்தொட்டி. அந்தத் தொட்டியை எங்க வைக்கிறதுன்னு அவங்களுக்கும் டிக்கெட் பாக்க வந்தவருக்கும்..."

'வருவியா மாட்டியா, அதை மட்டும் சொல்லேன்' என்பது தங்கையின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டாள். இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

உங்களுக்கும் பொறுக்கவில்லை, தெரிகிறது. எனக்கு மட்டும் பொறுக்கிறதா? பதில் எனக்குத் தெரியும். ஒரே வார்த்தை. எழுதிவிட்டுப் போய்ப் படுக்கலாம். ஆனால் அதை இப்போது எழுதினால் அந்த ரயில் என்ன ஆவது, பூந்தொட்டி என்ன ஆவது, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே இவள், இவள் என்ன ஆவது? என்னால் முடியாது. நான் பேனாவை மூடுகிறேன். நீங்கள் இருந்து கேட்டுக்கொள்வதானால் அந்த ஓரத்தில் ஒரு மடக்கு நாற்காலி காலியாக இருக்கிறது, ஓபோக்காரர் சுரண்டிப் போட்ட தூளைத் தட்டிவிட்டு உட்காருங்கள். அவசர வேலை இருப்பவர்கள் இப்போதே கிளம்பிவிடுவது நல்லது. டிக்கெட் பார்க்கிறவர் தொட்டியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்; அவர்கள் போகவேண்டிய ஊருக்கு இன்னும் நாலைந்து நிறுத்தம் இருக்கிறது.